சூப்புப் படத்தில் நான் சேர்த்த ஒரு வரி

என் வீட்டு அலமாரியில் அறுபத்திரண்டு இத்தாலியப் படங்கள் இருக்கின்றன. எல்லாம் கறுப்பு வெள்ளை. போர் முடிந்த கையோடு, இடிந்து கிடந்த தெருக்களிலேயே எடுத்தவை. நடிகர்களைத் தேடிப் போகாமல், அங்கே நின்ற மீனவனையும் கொத்தனாரையும் கூப்பிட்டு நடிக்க வைத்திருக்கிறார்கள். புத்தகங்களில் இவற்றுக்கு நியோரியலிசப் படங்கள் என்று பெயர். எங்கள் வீட்டில் அப்படி யாரும் சொன்னதில்லை. 'தையல் மெஷின் படம்', 'கழுதைப் படம்', 'சூப்புப் படம்' என்று அக்கா வைத்த பெயர்கள்தான். கேசட் காலத்தில் அந்தப் பெயர்களை வெள்ளைத் தாளில் எழுதி முதுகில் ஒட்டினேன். டிவிடி வந்த பிறகும் அதே பெயர்களே நிலைத்துவிட்டன.

எனக்கு எண்பத்திரண்டு வயது. கண்ணின் நடுப்பார்வை போய்விட்டது. ஒரு முகத்தை நேராகப் பார்த்தால் காதும் முடியும் தெரியும், மூக்கும் வாயும் தெரியாது. இதைத் தடித்த மார்க்கர் பேனாவால், ஒரு தாளுக்கு ஏழெட்டு வரியாக எழுதிக்கொண்டிருக்கிறேன். மேசையில் தாள் குவிகிறது. நிறுத்த மனமில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை அப்படியே எழுதி வைத்துவிட வேண்டும் என்று கை பறக்கிறது. ஆனால் அதற்கு முன்பு நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இது விளங்காது.

முதல் கேசட்டை நான் வாங்கியது தப்புக் கணக்கில்தான். இடைநிலைப் பள்ளியில் வரலாறு கற்பித்து வந்தேன். பினாங்கு ரோட்டில் வீடியோ கடை வைத்திருந்த சீனர் என்னை மலாயில் "சிக்கு" என்று வாத்தியார் மரியாதையோடு கூப்பிட்டு, போர்ப் படம் ஒன்று வந்திருக்கிறது, உங்கள் மாணவர்களுக்கு ஆகும் என்றார். டாங்கியும் விமானமும் இருக்கும் என்று எடுத்து வந்தேன். போட்டுப் பார்த்தால் ஒரு குண்டுகூட வெடிக்கவில்லை. ஒருத்தி தலையில் தையல் மெஷினைச் சுமந்துகொண்டு தெருத் தெருவாக நடக்கிறாள். மாவுக்கு மாற்றிக்கொள்ள ஆள் தேடுகிறாள். இருபது நிமிடம் அவள் நடந்துகொண்டே இருந்தாள். கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அக்கா பலகார டின்னோடு உள்ளே வந்தாள்.

அக்கா என்னைவிட ஏழு வயது மூத்தவள். அத்தான் துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கியவர். ஜெலுத்தோங்கில் இரண்டு தெரு தள்ளித்தான் அவர்கள் வீடு. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவாள். டின்னை வைத்துவிட்டுப் போகிறவள் அன்றைக்கு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள்.

"டேய் தம்பி, இது யாரு வீடுடா?"

"இத்தாலியில ஏதோ ஒரு வீடுக்கா."

"பொய் சொல்லாத. இது நம்ம வீடு. அந்தப் பலகைய பாரு, அந்த அடுப்ப பாரு. அம்மா ஜப்பான்காரன் காலத்துல தாலிக்கொடியத் தூக்கிட்டு அலைஞ்சாங்க, இவ மெஷினத் தூக்கிட்டு அலையறா. அவ்ளோதானே. அம்மாவுக்கு ரெண்டு காந்தாங் அரிசி கெடச்சுச்சு. இவளுக்கு என்னா கெடைக்கும்?"

"பொறுத்துப் பாரு."

"என்னா பேசறாங்க? சொல்லு."

அக்காவுக்கு இங்கிலீஷ் தெரியாது. படத்தின் அடியில் ஓடிய இங்கிலீஷ் எழுத்தை நான் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். அன்று தொடங்கியதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது. நான் படம் வேட்டையாட ஆரம்பித்தேன். வெளிநாட்டில் படிக்கப் போன பழைய மாணவர்களுக்குக் கடிதம் எழுதினேன். இங்கிலாந்திலிருந்து ஒரு பொட்டலம் வந்தால் தபால்காரரை வாசலிலேயே மடக்கிக் கையெழுத்துப் போட்டு வாங்குவேன். பிரித்தால் உள்ளே பிரதியின் பிரதி, மழை பெய்வதுபோல் கோடு கோடாக ஓடும் படம். அதனால் என்ன? அக்காவிடம் "புதுசு வந்திருக்கு" என்று சொல்லும்போது எனக்கு வரும் பெருமை, பரீட்சையில் முதலாவதாக வந்தபோதுகூட வந்ததில்லை.

படிப்பதிலும் எனக்கென்று ஒரு முறை உண்டாகிவிட்டது. ராணுவ உடையில் சிலர் வந்தபோது அக்கா கேட்டாள்: "யாருடா இவனுங்க?"

"ஜெர்மன்காரன்."

"நம்ம ஜப்பான்காரன் மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

அடுத்த வாரத்திலிருந்து நான் ஜப்பான்காரன் என்றே படித்தேன். அவர்கள் காசு எங்கள் ஊர் வெள்ளியாயிற்று. சந்தை பாசார் ஆயிற்று. வாயில் நுழையாத பெயர்களை விட்டுவிட்டுப் பெரியவன், சின்னவன், கடைக்காரி, ஒத்தக்கண்ணன் என்று சொன்னேன். நேப்பிள்ஸ் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்கள் அத்தானைப் போலவே கெட்ட வார்த்தை பேசினார்கள். அத்தான் ஒருநாள் கேட்டுவிட்டு, "வாத்தியாரே, இவனுங்க எந்த கேங்கு? எனக்குத் தெரிஞ்சவனுங்களா?" என்றார். வீடே சிரித்தது.

எங்கள் பேச்சு மாறாமல், எங்கள் ஊர்க்கதையாகப் படம் ஓட வேண்டும் என்று நினைத்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அந்தப் பழக்கத்தால்தான் எனக்குத் துணிச்சல் வந்தது. படத்தில் என்ன பேசுகிறார்கள் என்பது அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரியும். நான் சொன்னதுதான் அக்காவுக்குப் படம்.

இனி சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தபோது என் அப்பாவையும் அவர் தம்பியையும் ஒரே லாரியில் ஏற்றிப் போனார்கள். நான் அப்போது அம்மா வயிற்றில். போர் முடிந்து சித்தப்பா மட்டும் திரும்பி வந்தார். காய்ச்சலில் கிடந்த அண்ணனைக் காட்டில் விட்டுவிட்டு இவர் நடந்து வந்துவிட்டார் என்று கூட வந்தவர்கள் சொன்னார்கள். சித்தப்பா எங்கள் வாசலில் வந்து நின்றபோது அம்மா ஒரு வார்த்தையும் பேசாமல் கதவைச் சாத்தினாள். அவர் போன பிறகு அவர் நின்ற இடத்தில் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். சித்தப்பா கடலுக்கு அந்தப் பக்கம், பிறையில் வேலை தேடிக்கொண்டு அங்கேயே குடும்பம் நடத்தினார். அம்மா சாகும்வரை அவர் பெயர் எங்கள் வீட்டில் வந்ததில்லை.

அக்காவுக்கு அவரை ஞாபகம் இருந்தது. திருவிழாவில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தவர். எனக்கு அவரும் தெரியாது, அப்பாவும் தெரியாது. அப்பா இல்லாத கோபத்தை யார் மேலாவது வைக்க வேண்டியிருந்தது. அவர் மேல் வைத்தேன்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரு வாரம் பிறையிலிருந்து கோயிலுக்கு வந்த ஒருவர் மூலம் செய்தி வந்தது. சித்தப்பாவுக்குக் காலெல்லாம் வீங்கிவிட்டது, அதிக நாள் இருக்க மாட்டார், அண்ணன் பிள்ளைகளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்கிறார். அக்கா உடனே, "திங்கக்கெழம ஃபெர்ரியில போயிட்டு வந்திருவோம்டா, நீயும் வா" என்றாள். வந்தவரிடமே அப்படிச் சொல்லியனுப்பிவிட்டு, சித்தப்பாவுக்கு ஒரு கைலி வாங்கி, துணிப்பையில் மடித்தும் வைத்துவிட்டாள்.

அதே வாரம் வியாழக்கிழமை சூப்புப் படம் தபாலில் வந்தது. வழக்கம்போல் முதலில் நான் மட்டும் பார்த்தேன். தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்த இரண்டு பேரை மலையில் சுரங்கம் வெட்டப் பிடித்துப் போகிறார்கள். ஒருவன் மட்டும், மற்றவனுடைய கோட்டைப் போட்டுக்கொண்டு திரும்பி வருகிறான். செத்தவனின் மனைவி வீட்டுக்குப் போய், அவனைப் பனியில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்கிறான். அவள் அவன் போட்டிருக்கும் கோட்டைப் பார்க்கிறாள். பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் சூப்பு கொண்டுவந்து அவன் முன்னால் வைக்கிறாள். அப்போது அவள் சொல்வது இவ்வளவுதான்: "சாப்பிடு. சூப்பு ஆறிடும்." அவன் தலை குனிந்து சாப்பிடுகிறான். படம் முடிகிறது.

அக்கா இதைப் பார்த்தால் பிறைக்குப் போவாள். போனால் நானும் போக வேண்டும். போனால் அப்பா எப்படிச் செத்தார் என்று அந்த மனிதர் வாயால் கேட்க வேண்டியிருக்கும். கேட்ட பிறகு கோபம் என்னிடம் இருக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. அது போய்விடுமோ என்று பயந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அக்காவுக்கு அந்தப் படத்தைப் போட்டேன். கூட வேலை செய்தவர்களை அண்ணன் தம்பி ஆக்கினேன். கோட்டோடு வந்தவனைச் 'சின்னவன்' என்றேன். சூப்புத் தட்டு வந்ததும், மூன்று நாளாக மனத்தில் ஒத்திகை பார்த்து வைத்திருந்த வரியைச் சொன்னேன்:

"சாப்பிட்டுட்டுப் போயிரு. இனிமே இந்த வாசல்ல வந்து நிக்காத."

அது வாய் தவறி வந்த வார்த்தை இல்லை. இதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

அக்கா சொன்னாள்: "அவளே அப்படிச் சொல்லிட்டா. அம்மாவும் அதானே செஞ்சாங்க." திங்கட்கிழமை அவள் ஃபெர்ரிக்குப் போகவில்லை. அடுத்த வாரம் புதன்கிழமை சித்தப்பா இறந்த செய்தி வந்தது. பள்ளியில் பரீட்சை என்று சொல்லி நான் அடக்கத்துக்கும் போகவில்லை. அக்காவும் போகவில்லை. அந்தக் கைலியை அவள் என்ன செய்தாள் என்று நான் கேட்டதே இல்லை.

எத்தனையோ முறை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறேன். கோபப்பட்டேன், பொறாமைப்பட்டேன், பொய் சொன்னேன் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வருவேன். இதைச் சொன்னதில்லை. இது மொழிபெயர்ப்புதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

படங்கள் வந்துகொண்டே இருந்தன. கேசட் டிவிடி ஆயிற்று. அத்தான் போனார், என் மனைவி போனாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நிற்கவில்லை. அக்கா எத்தனையோ முறை சூப்புப் படத்தைக் கேட்டாள். கோடு விழுந்துவிட்டது, யாரோ இரவல் வாங்கிப் போய்விட்டார்கள் என்று ஒவ்வொரு முறையும் ஏதாவது சொல்லி வேறு படம் போட்டேன். போன வருடம் என் கண் கெட்டது. எழுத்து தெரியவில்லை. படத்தைப் படித்துச் சொல்லும் வேலை அக்கா மகளுக்குப் போயிற்று. அவள் ஓய்வு பெற்ற தாதி, இங்கிலீஷ் நன்றாகத் தெரிந்தவள், எதையும் கூட்டவோ குறைக்கவோ தெரியாதவள்.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிறு.

"மாமா, அம்மாக்கு இன்னைக்கு சூப்புப் படம் வேணுமாம் லா. காலையிலேர்ந்து அதே பேச்சு."

"அது ரொசாக் ஆயிருச்சும்மா. ஓடாது" என்றேன்.

"எங்க, காட்டுங்க." அவளே அலமாரியைத் திறந்து எடுத்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "ஒரு கீறல்கூட இல்லையே! வெறும் வெரல் ரேகைதான்." தட்டுக் கழுவும் சோப்பில் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, மெல்லிய துணியால் துடைத்துப் போட்டாள். இசை கேட்டது. "பாத்தீங்களா, பேஷண்ட் பொழச்சிட்டான்."

படம் ஓடியது.

"'நாளைக்குக் காலையில லாரி வருது... எல்லாரும் மண்வெட்டி...' ஐயோ, அதுக்குள்ள போயிருச்சு! மாமா, எப்படித்தான் படிச்சீங்க? பஸ் நம்பர பாக்கறதுக்குள்ள பஸ்ஸே போயிருதே."

"உங்க மாமன் படிச்சா அவனுங்களே பேசற மாதிரி இருக்கும்" என்றாள் அக்கா. "நீ மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரி படிக்கிற. மூணு வேள, சாப்பாட்டுக்கு அப்பறம்னு."

"அப்ப நீங்களே படிச்சுக்கங்கம்மா."

"சரி சரி, படி. இப்ப அண்ணங்காரன் என்னா சொல்றான்?"

"யாரு அண்ணன்?"

"அந்தக் கோட்டு போட்டவன்தான். மத்தவன் தம்பி."

"அண்ணன் தம்பில்லாம் இல்லம்மா. ஒரே ஃபேக்டரில வேலை செஞ்சவங்கன்னு போட்டிருக்கு."

"உனக்கு ஒழுங்கா படிக்கத் தெரியல. டேய் தம்பி, நீ சொல்லு. அண்ணன் தம்பிதானே?"

இன்னும் அரைமணி நேரத்தில் சூப்புத் தட்டு வந்துவிடும். என் மடியில் இருந்த ரிமோட்டைத் தடவி, பெரிய பொத்தானை அமுக்கினேன். படம் நின்றது.

"அவ சரியாத்தான் படிக்கிறா அக்கா" என்றேன். "நான்தான் தப்பா படிச்சேன். வேணும்னே."

சொல்லி முடித்தேன். வியாழக்கிழமை முன்கூட்டியே பார்த்தது, மூன்று நாள் ஒத்திகை, அந்த வரி, ஏன் சொன்னேன் என்பது எல்லாவற்றையும். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. முப்பத்தைந்து வருடம் தூக்கிச் சுமந்த ஒன்று சொல்ல ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை என்பது எனக்கே அவமானமாக இருந்தது. அக்காவின் முகத்தைப் பார்க்க முயன்றேன். நரைமுடியும் காதுத் தோடும் மட்டும் தெரிந்தன.

"படத்தப் போடு" என்றாள் மகளிடம்.

ஓடியது. கோட்டோடு ஒருவன் வந்தான். தட்டு மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அக்கா மகள் மெதுவாகப் படித்தாள்: "'சாப்பிடு. சூப்பு ஆறிடும்.'"

"அப்பறம்?"

"அவ்ளோதாம்மா. வேற ஒண்ணும் போடல."

இசை முடிந்து திரை இருண்ட பிறகு அக்கா சொன்னாள்: "அவன் எந்திரிக்கவே இல்லையேடா. அன்னைக்கே பாத்தேன். அவ 'போ'ன்னு சொல்றா, இவன் குனிஞ்சு சாப்பிட்டுக்கிட்டே இருக்கான். எவ்ளோ சூடு சொரண இல்லாதவன் பாருன்னு நெனச்சேன். சித்தப்பாவும் அப்படித்தான்னு நெனச்சேன். இத்தன வருஷமா ரெண்டு பேரையும் சேத்துத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்."

ரிமோட்டை மேசையில் வைத்தேன்.

"நான் போயிருக்கலாம். என் காலு, என் டிக்கெட்டு. உன்ன மட்டும் சொல்ல மாட்டேன். ஆனா நீ அதச் சொல்லிருக்கக் கூடாது தம்பி."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். பலகார டின்னைத் திறக்கவே இல்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. தொலைக்காட்சியைப் போடாமல் எதிரே உட்கார்ந்திருந்தேன். அறுபத்திரண்டு படங்கள் இருந்து என்ன? பார்க்க அவள் வராவிட்டால் அவை வெறும் பிளாஸ்டிக் பெட்டிகள்தான். அவளுக்கு எண்பத்தொன்பது வயது. இப்படியே யாராவது ஒருவர் போய்விட்டால் என்ற எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

மூன்றாவது வாரம் செவ்வாய்க்கிழமை அக்கா மகள் போன் செய்தாள்.

"மாமா, பிறையில உங்க சித்தப்பா மக இன்னும் அதே வீட்லதான் இருக்காங்களாம். கோயில்ல விசாரிச்சேன். அம்மா அங்க போகணுங்கறாங்க. நீங்களும் வரணுமாம். படத்தையும் எடுத்துட்டு வரணுமாம்."

"படத்தையா?"

"ஆமா. அங்க போட்டு, நீங்களே படிக்கணுமாம். நான் படிச்சா மருந்துச் சீட்டாம்."

"எனக்குத்தான் கண்ணு தெரியாதே!"

பின்னால் அக்காவின் குரல் கேட்டது: "வரலாறு வாத்தியார்தானே, மனப்பாடம் பண்ணச் சொல்லு!"

எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படி எழுதுவது! போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் இங்கும் அங்கும் நடந்தேன். நாற்காலியில் இடித்துக்கொண்டேன். மறுநாளிலிருந்து தினமும் மாலை அக்கா மகள் வந்தாள். அவள் இங்கிலீஷில் ஒரு வரி படிப்பாள், நான் தமிழில் சொல்வேன், அதையே திரும்பச் சொல்வேன். எழுநூற்றுச் சொச்சம் வரிகள். எந்த இசை எழும்போது எந்த வரி, எந்தக் கதவுச் சத்தத்துக்கு அப்புறம் எந்த வரி என்று காதாலேயே அடையாளம் வைத்துக்கொண்டேன். குளிக்கும்போதும் சொன்னேன். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா, "சிக்கு யாரோடு சண்டை போடுகிறார்?" என்று கேட்டாராம். கூட வேலை செய்தவனைக் கூட வேலை செய்தவனாகவே சொல்லப் பழகினேன். பழைய பொய் நாக்கில் அப்படி ஒட்டிக்கொண்டிருந்தது. 'அண்ணன்' என்று பத்து முறையாவது வந்துவிட்டது.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கிளம்பினோம். அங்கே டிவிடி போடும் பெட்டி இருக்காது என்று என்னுடையதையே துண்டில் சுற்றிப் பாசார் பையில் வைத்துக்கொண்டேன்.

"காடியில பாலத்து மேல போனா அரை மணி நேரம் லா. எதுக்கு இந்த ஃபெர்ரி?" என்று அக்கா மகள் முனகினாள்.

"அன்னைக்கு ஃபெர்ரியிலதான் போறதா இருந்துச்சு" என்றாள் அக்கா.

பட்டர்வொர்த்தில் இறங்கி, போனில் ஒரு காரைக் கூப்பிட்டுப் பிறைக்குப் போனோம். அக்கா வழி முழுக்க என்னிடம் பேசவில்லை. ஆனால் ஃபெர்ரியின் படியில் ஏறும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்குத் தடுமாறியதாலா, எனக்குத் தடுமாறும் என்பதாலா, தெரியவில்லை.

சித்தப்பா மகளுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். தனியாக இருக்கிறார். வாசலில் நின்று, "வாங்கக்கா, வாங்கண்ணே" என்றார், போன வாரமும் வந்தவர்களிடம் சொல்வதுபோல். "அண்ணே, சத்தமா பேசுங்க. எனக்கு ஒரு காது மந்தம்."

"நல்லாப் போச்சு" என்றாள் அக்கா. "இவனுக்குக் கண்ணு இல்ல, ஒனக்குக் காது இல்ல. படம் பாக்க நல்ல ஆளுங்க."

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அக்கா மகள் கம்பிகளை மாட்டினாள். படம் ஆரம்பித்தது. நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, உரக்க, ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். ராணுவக்காரர்கள் வந்த இடத்தில் 'ஜெர்மன்காரன்' என்றேன்.

"ஜப்பான்காரன்னே சொல்லு" என்றாள் அக்கா. "அதுல பொய் ஒண்ணும் இல்ல."

ஜப்பான்காரன் என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. தொழிற்சாலையும் மலையும் பனியும் அந்தச் சின்னக் கூடத்துக்குள் வந்துவிட்டன. நான் ஒரு வரியும் விடவில்லை. கோட்டோடு அவன் வந்தான். தட்டு மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. "சாப்பிடு. சூப்பு ஆறிடும்" என்றேன். பிறகு வாயை மூடிக்கொண்டேன்.

படம் முடிந்ததும், அக்காவிடம் சொன்னதையெல்லாம் சித்தப்பா மகளிடமும் சொன்னேன். இந்த முறை இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. என் குற்றத்தை அண்டை வீட்டுக்கும் கேட்கிறபடி கத்திச் சொன்னேன்.

அவர் நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

"அந்த வாரம் அப்பா கட்டில வாசப் பக்கமா இழுத்துப் போடச் சொன்னாருண்ணே" என்றார். "ஃபெர்ரி வர்ற நேரமெல்லாம் கேட்டுக்குவாரு. திங்கக்கெழம வரலன்ன ஒடனே, ஒரு வேள செவ்வாக்கெழமன்னாரு. அப்பறம் கேக்கல."

பெட்டியைச் சுற்றி வந்த துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"பெரியப்பாவ விட்டுட்டு வந்தது நெஜந்தான். அப்பா மறச்சதில்ல. தூக்க முடியல, விட்டுட்டு நடந்தேன்னு எங்க கிட்டயே சொல்லுவாரு. ஒங்க அம்மா கதவ சாத்துனதையும் தப்புன்னு சொன்னதில்ல. ஒரு தடவ அண்ணன் புள்ளைங்க கிட்ட நேர்ல சொல்லிட்டாப் போதும்னு இருந்தாரு."

அவர் எழுந்தார். புடவையின் ஓரம் என் பார்வையின் ஓரத்தில் நகர்ந்தது. உள்ளே போய்விட்டார். கேட்க வேண்டியதைக் கேட்டாயிற்று, இனி நாம் கிளம்புவதுதான் மரியாதை என்று நினைத்தேன். டிவிடி பெட்டியைத் தேடிக் கையை நீட்டிக்கொண்டே நாற்காலியிலிருந்து எழப் பார்த்தேன்.

என் முழங்காலில் அக்காவின் கை விழுந்தது. "எங்க எந்திரிக்கிற? ஒக்காரு."

உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து தட்டுகள் எடுக்கும் சத்தம் வந்தது. பிறகு சித்தப்பா மகளின் குரல்:

"அண்ணே, கருவாடு சாப்பிடுவீங்களா?"

"சாப்பிடுவேன்!" என்றேன். ரொம்பவும் கத்திவிட்டேன் போலிருக்கிறது. அக்கா மகள் சிரித்துவிட்டாள்.